நாலு நிமிஷ வெளிச்சம்

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. அண்ணே, அந்தத் தூணு உங்கள நம்பி நிக்கல, நீங்க உக்காந்தாலும் அது நிக்கும். பேச்ச நிறுத்துங்க. அக்கா, மருமகளப் பத்தி மிச்சத்த வீட்டுக்குப் போய் வச்சுக்கங்க, அவ எங்கயும் ஓடிப்போயிட மாட்டா. ஆச்சா? இப்ப யாரும் அசையாதீங்க. மூச்சு விடலாம், அதுக்குத் தடையில்ல. இப்பிடியே நாலு நிமிஷம் சும்மா கெடந்தா என்ன ஆவும்? நம்ம ஊர்ல ஒண்ணும் ஆவாது, ரெண்டு பேரு தூங்குவாங்க, ஒருத்தரு கொறட்ட விடுவாரு. தளிர்நகரத்துல லைட்டு அணைஞ்சிடும். அங்க இருக்கற மண்டபத்துக்குச் சுவிட்சே கெடையாது, அதுதான் அதோட பெருமை. வாசல்லயே கல்லுல வெட்டி வச்சிருக்கு, 'சுவிட்சு இல்லாத அரங்கம்'னு. செங்கல்பட்டத் தாண்டி ஏரிய ஒட்டி எழுப்புன ஊரு அது. கூரைக்குக் கூரை சூரியத் தகடு, குளிச்ச தண்ணி தோட்டத்துக்கு, தின்ன மிச்சம் அடுப்பு எரிக்க. உள்ள காரு வராது, புகை வராது, சத்தம் வராது. கொசு மட்டும் வரும், அதுக்கு யாரும் சட்டத்தச் சொல்லிக்குடுக்கல. ஏசி வேணாம்னு மண்டபத்தப் பாதி மண்ணுக்குள்ள புதைச்சுக் கட்டிட்டாங்க. பானைக்குள்ள எறங்கி உக்காந்தாப்ல சில்லுனு இருக்கும். சன்னல் இல்ல, உச்சி வெயில்லயும் உள்ள இருட்டுதான். அதனால மேடைக்கு மேல ஒண்ணு, பின்வாசலுக்கு மேல ஒண்ணு, முட்ட ஓடு மாதிரி வெள்ளையா ரெண்டு கண்ணு வச்சிருக்காங்க. ஆளு அசைஞ்சா லைட்டு எரியும். நாலு நிமிஷம் யாரும் அசையலன்னா ஆளே இல்லன்னு அது முடிவு பண்ணிடும். உசுரோட இருக்கறவன் சும்மாவும் இருப்பான்னு அந்தக் கண்ணச் செஞ்சவனுக்குத் தோணல பாவம்.

அந்த மண்டபத்துல, ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம் நாலரைக்கு, இப்ப நான் உங்கள அதட்டுன மாதிரியே கூட்டத்த அதட்டி உக்கார வச்சுட்டு, தானும் முன்வரிசையில போய்ப் பொத்துனு உக்காந்தா மங்கையர்க்கரசி. அம்பத்திரண்டு வயசு. தளிர்நகரத்தோட கல்வி, கலாச்சார நிகழ்ச்சி எல்லாத்துக்கும் அவதான் தலைமை. கழுத்துல தொங்குற அட்டையில பதவி எழுதவே எடம் பத்தாம, பேர 'மங்கை'னு வெட்டிட்டாங்க. அரசி போயாச்சு, அட்ட மட்டும் ஆடுது. உக்காந்ததும் முட்டி ரெண்டும் நன்றி சொல்லுச்சு. எத்தனாவது தடவ இன்னிக்கு, உக்காருங்க பேச்ச நிறுத்துங்கன்னு? ஏழு. இல்ல, காலையில ஏரிக்கரையில பறவ பாக்க வந்தவங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னா, பறவயே பயந்து எந்திரிச்சுப் போற மாதிரி, அப்ப எட்டு. அதுக்கப்பறம் எங்கிருந்தோ வந்த கம்பெனி ஆளுங்களுக்கு வெத உருண்ட புடிக்கக் கத்துக்குடுத்தா. நாப்பது பேரு வெள்ளச் சட்டையோட மண்ணப் பெசைஞ்சு, ஆளுக்கு ஒண்ணு உருட்டி, அதக் கையில வச்சுப் படம் எடுத்துக்கிட்டு, அங்கயே போட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பறம் காய்கறிச் சாயத்துல கோலம். நடுவுல சாப்பாட்டு டப்பா. டப்பாவத் தெறந்தாளா? தெறந்தா, மூடுனா, நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகமில்ல. பல்லுல ஏதோ கீர நாரு சிக்கியிருக்கு, அப்ப தின்னுருக்கணும். நாக்கால அதத் தள்ளித் தள்ளிப் பாத்தா. போற எடமெல்லாம் அதே சிரிப்பு, அதே எடத்துல அதே சோக்கு: 'எங்க ஊர்ல குப்பையே கெடையாதுங்க, நீங்க கொண்டாந்தாத்தான் உண்டு.' சிரிப்பாங்க. இவளும் அப்பத்தான் மொதத் தடவ தோணுன மாதிரி சிரிப்பா. போன வாரம் மக பெங்களூருலேந்து போன் பண்ணப்ப, எடுத்ததும், 'வணக்கம், தளிர்நகரம் உங்கள அன்போட'ன்னு ஆரம்பிச்சுட்டா. மக, 'அம்மா, லீவு போடும்மா'ன்னா. லீவு போட்டுட்டு எங்க போயி உக்காருறது. உக்காந்தா லைட்டு அணைஞ்சிடுமே.

அணைஞ்சுதான் போச்சு. மேடையில பிரசன்னா தெரையில படம் காட்டிக்கிட்டு இருந்தான். ஊரோட கரண்டு, தண்ணி எல்லாத்துக்கும் கணக்குப் பாக்கற அதிகாரி, முப்பது வயசுகூட இருக்காது, நல்ல புள்ள, கோவமே வராது, அதான் அவன்கிட்ட சண்ட போடக்கூட முடியல. "நம்ம வந்து, பேசிக்கலா பாத்தீங்கன்னா"ன்னு அவன் இழுக்கற இழுப்புல கூட்டம் மொத்தமும் செலையாயிடுச்சு, பொட்டுனு இருட்டிடுச்சு. யாரும் பதறல. அறுபது பேரும் இருட்டுல கையத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுனாங்க, வெளிச்சம் வந்துது. கோயில்ல கதவு தெறந்ததும் தூக்குவாங்களே அப்பிடி, பக்தி மட்டும் இல்ல. பழகிப்போச்சு. போன தை மாசம் மதுராந்தகத்துல ஒரு கல்யாணம், பந்தி நடுவுல கரண்டு போச்சு, இந்த ஊருக்காரங்க உக்காந்திருந்த ரெண்டு வரிச மட்டும் சாம்பார் கையத் தூக்கிட்டு உக்காந்திருக்கு. ஜெனரேட்டரு போட்டதும் பரிமாறுறவன் பாத்தான், இத்தன பேருக்கா சோறு பத்தலன்னு வாளியோட ஓடியாந்தான். மங்கைக்கு அத நெனச்சா சிரிப்பு வரும், இன்னிக்கு வரல, தோளு வலிச்சுது. விழுப்புரத்துல தம்பி வீட்ல அவளும் அப்பிடித்தான் தூக்குனா. தம்பி பொண்டாட்டி பயந்துபோயி, "அண்ணிக்குச் சாமி வந்துடுச்சு, கற்பூரம் எடுங்க"ன்னு கத்துச்சு. என்ன சாமி. சாமிக்குக்கூட ஆடி முடிச்சா உக்கார எடம் குடுப்பாங்க.

பிரசன்னா அடுத்த படத்தப் போட்டான். 'பங்கேற்பு நிமிஷம்'. இதுதான் இன்னிக்குக் கூட்டத்துக்கே காரணம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் அறுபது நிமிஷத்துல எத்தன நிமிஷம் லைட்டு எரிஞ்சுதுன்னு கணக்கு. லைட்டு எரிஞ்சா சனம் ஆர்வமா இருக்கு, அணைஞ்சா சனம் இல்ல, அவ்வளவுதான். பறையடிக்கு அறுபது. சிரிப்பு யோகாவுக்கு அம்பத்தொம்பது, அந்த ஒரு நிமிஷம் யாருக்கோ சிரிப்பு வரல போல. கீழ செவப்புல, படிப்பு வட்டம், ஒம்பது. "ஒம்பதுன்னா பேசிக்கலா யாருமே இல்ல. இத நிறுத்திட்டு அந்த நேரத்த உடற்பயிற்சிக்குக் குடுத்துடலாம்"னான். கூட்டம் கை தட்டுச்சு. முடிஞ்சுது. ஒரு வரி, ஒரு கைதட்டு, செத்துப்போச்சு. மங்கை வாயத் தெறக்கல. தெறந்திருக்கலாம். போன மாசம் அந்த வட்டத்துல ஒரு ரிட்டயர்டு நர்சம்மா, செத்துப்போன வீட்டுக்காரரோட பழைய கடுதாசியப் படிச்சுக்கிட்டு இருந்தப்ப லைட்டு போச்சு. பதினோரு பேர்ல ஒருத்தரும் கையத் தூக்கல. அந்தம்மா போன் வெளிச்சத்துல படிச்சு முடிச்சுது, அப்பறமும் இருபது நிமிஷம் எல்லாரும் அந்த இருட்டுல அப்பிடியே உக்காந்திருந்தாங்க. இந்த ஊர்ல நடந்ததுலயே நல்ல சாயங்காலம் அதுதான். கணக்குல அந்த இருபது நிமிஷம் பூஜ்யம். அப்பா ஞாபகம் வந்துச்சு. திண்டிவனம் பக்கம் டெண்ட்டு கொட்டாயில படம் ஓட்டுனவரு, மிஷின் ரூமு ஓட்ட வழியா தெரையப் பாக்க மாட்டாரு, சனத்தப் பாப்பாரு. "நெளியறான் பாரு, படப்பெட்டி நாளைக்கே திரும்பிடும்"பாரு. ஒருத்தனும் அசையலன்னா பீடியப் பத்தவச்சுக்கிட்டு, "நூறு நாளு"ம்பாரு. அவரு இருந்திருந்தா இந்த முட்டக்கண்ணப் பாத்து என்ன சொல்லியிருப்பாரு. கெட்ட வார்த்ததான் சொல்லியிருப்பாரு, வேற என்ன.

பின்வாசல் தெறந்த சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்க வேண்டியதில்ல, மஞ்சளும் வேர்வையும் வேப்பெண்ணெ சோப்பும் கலந்த வாசன முன்னாடி வந்துடுச்சு. மணி அஞ்சு. துப்புரவுப் பொம்பளைங்க, தோட்டத்துப் பொம்பளைங்க, இருபத்திமூணு பேரு, வேல முடிச்சு வர்றாங்க. செவ்வாயும் வெள்ளியும் இந்நேரம் அவங்க வகுப்பு. இன்னிக்கு மட்டும் கூட்டத்துக்கு வரச் சொல்லு, பின்னாடி உக்காரட்டும்னு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீசுலேந்து சேதி வந்துச்சு. எதுக்குன்னு அதுலயே இருந்துச்சு. அதப் படிச்சதுலேந்து மங்கை இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா. இன்னும் கொஞ்சத்துல வரப்போவுது. இந்தப் படம் முடிஞ்சு அடுத்த படம். வந்துடுச்சு. மேலயே, பச்சையில, பறையடிக்குப் பக்கத்துல: 'பெண் பணியாளர்கள். நடனம். அறுபதுக்கு அறுபது.' நடனம். அந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு ஆளு ஒசரத்துக்கு நிக்கிது. கூட்டம் திரும்பிப் பின்வரிசையப் பாத்துக் கை தட்டுச்சு. பின்வரிசைக்கு எதுக்குன்னு புரியல, அவங்களும் பதிலுக்குத் தட்டுனாங்க.

நடனம். அவதான் போட்டது. வேற யாரு. வகுப்பு ஆரம்பிச்ச மொத நாளு, இதே மாதிரி ஒரு வெள்ளிக்கெழம, இதே மாதிரி முட்டி வலி. முடிஞ்சதும் ஆபீசு குடுத்த டேப்லட்டு கேக்கும், என்ன நிகழ்ச்சின்னு. வரிசையா குடுத்திருக்கும்: நடனம், யோகா, இச, வெளையாட்டு, கைவேல. எழுதப் படிக்கறதுன்னு ஒண்ணு இல்ல. இந்த ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத ஆளு இருக்கும்னு யாரு கண்டா. 'மற்றவை'னு ஒண்ணு இருந்துச்சு. அதத் தொட்டா அது பெரிய கதவத் தெறக்கும்: நோக்கம் என்ன, பயன் என்ன, மூணு போட்டோ, மேலதிகாரி ஒப்புதல். வெளிய பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கிறான். மேல என்ன இருந்துச்சோ அதத் தொட்டுட்டா. நாளைக்கு மாத்திக்கலாம். நாளைக்குன்னு ஒரு நாளு அவ வாழ்க்கையில வந்திருக்கா? அடுத்த வகுப்பு முடிஞ்சப்ப டேப்லட்டே கேட்டுச்சு, 'போன தடவ மாதிரியேவா?' ஆமா. மறுவாரம், போன தடவ மாதிரியேவா? ஆமாம்ப்பா ஆமாம். ரெண்டு வருஷம். பொய் சொல்றதுக்கும் ஒரு தெம்பு வேணும்பாங்க. அவ தெம்பில்லாம சொன்ன பொய்யி அது. எல்லாத்துக்கும் ஆமா சொல்லி, சொல்லி, கடைசியில ஊருக்கே ஒரு டான்ஸு கோஷ்டி பொறந்துடுச்சு.

டான்ஸு. அந்த இருபத்திமூணுல ஒருத்தி கோமளா, அவ ஆடுவாளா? ஆடுவா, கேட்டா ஆடிடுவா. வாய்க்கு முன்னாடி கையி ஆடும் அவளுக்கு. மங்கை சிரிக்கப் பாத்தா, பாதியிலயே நிறுத்திட்டா. ஏன்னா அடுத்த நெனப்பு என்னன்னு அவளுக்குத் தெரியும், அது எப்பவும் அந்த மூலையில நிக்கும், இவ சுத்திக்கிட்டுப் போவா. அறுபதுக்கு அறுபது எப்பிடி வந்துச்சு? எழுதறவங்க அசைய மாட்டாங்களே. பேனா புடிச்ச கை நகர்றது அந்தக் கண்ணுக்குத் தெரியாது, தோளு ஆடணும். மொத நாளு அனா எழுதறதுக்குள்ள மூணு தடவ இருட்டிடுச்சு. அப்பத்தான் மொற வச்சாங்க. ஆளுக்கு ஒரு நாளு பின்வாசக் கண்ணுக்குக் கீழ நின்னு கையாட்டணும், மத்தவங்க எழுதணும். நல்ல மொறதான். ரெண்டாவது நாளு நின்னவ தோட்டத்து ஏகவல்லி. மூணாவது நாளும் நின்னா. கோமளா மொற வந்தப்ப, 'நீ எழுது, நான் பாத்துக்கறேன்'னா. அந்தம்மா வாயிலேந்து ரெண்டு வருஷத்துல மங்கை கேட்ட மொத்தப் பேச்சே அதுதான். எல்லார் மொறைக்கும் அதையே சொல்லிச் சொல்லி நின்னுட்டா. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, உதட்டுக்குள்ள எண்ணிக்கிட்டு, நாலு நிமிஷம் ஆவறதுக்கு முன்னாடி வலது கைய ஒரு தூக்கு தூக்குவா, பஸ்ஸ நிறுத்தற மாதிரி. ஒரு தடவகூட இருட்டுனதில்ல. இருபத்திரண்டு பேரு படிக்கக் கத்துக்கிட்டாங்க. கோமளாவுக்கு இப்ப எதையும் படிக்காம நடக்க முடியல, லிப்டுக்குள்ள எத்தன கிலோ ஏத்தலாங்கறதக்கூட சத்தமாப் படிச்சுட்டு, பக்கத்துல நிக்கறவங்க எடையக் கூட்டிப் பாக்கறா. இன்னொருத்தி மாத்திர அட்டையில தேதியப் பாத்து மெடிக்கல் ஷாப்புக்காரனோட மல்லுக்கு நின்னா. இருபத்திரண்டு பேரு. இருபத்திமூணு இல்ல.

தெரியும். தெரியாம இல்ல. ஆறு மாசத்துலயே கண்டுபுடிச்சா. 'ஏகவல்லிம்மா, அடுத்த வகுப்புலேந்து நீங்க உக்காருங்க'ன்னா. அந்தம்மா தலைய ஆட்டுச்சு, அடுத்த வகுப்புலயும் நின்னுச்சு. இவளும் விட்டுட்டா. ஏன் விட்ட? வசதியா இருந்துச்சு. லைட்டு எரிஞ்சுது. பச்ச எழுத்துல நம்பரு வந்துச்சு, ஆபீசுல யாரும் ஒண்ணும் கேக்கல. யாரையோ நிக்க வச்சுட்டுத்தான் மத்தவங்க உக்கார முடியும்னு இவளுக்கும் பழகிப்போச்சு. அதுவும் யாரு, ஏகவல்லி. இந்த வகுப்பே அந்தம்மாவால வந்தது. தோட்டத்துல ஊதா நெறக் கொழாயி, கக்கூசு தண்ணியச் சுத்தம் பண்ணிச் செடிக்கு விடறது. மேல பலக: 'மறுசுழற்சி நீர். அருந்த உகந்ததல்ல.' வாசகம் மங்கை எழுதுனது. பலக செய்யறவன் கேட்டான், "மேடம், டம்ளரு படம் போட்டு மேல கோடு இழுத்துடவா?"ன்னு. வேணாம்ப்பா, எழுத்தே அழகா இருக்கு, படம் போட்டா பால்வாடி மாதிரி ஆயிடும்னா இவ. அழகு. அந்த அழகுக்குக் கீழதான் ஏகவல்லி நாலு மாசம் தண்ணி குடிச்சுது. வெளியூருலேந்து வந்தவங்களக் கூட்டிக்கிட்டுப் போயி, பலகைய இவ ராகமாப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கா, அந்தம்மா பக்கத்துல குனிஞ்சு ரெண்டு கையால ஏந்திக் குடிக்கிது. வந்தவர்ல ஒருத்தரு, "ஓ, குடிச்சே காட்றீங்களா"ன்னு போட்டோ எடுத்தாரு. அந்தம்மா வாயத் தொடச்சுக்கிட்டு லேசா சிரிச்சுது. நாலு மாசமா வயித்துவலிக்குக் கசாயம் குடிச்சுக்கிட்டு இருந்தது அப்பறந்தான் தெரிஞ்சுது. இன்னிக்கும் அந்தம்மா அந்தக் கொழாய நெறம் பாத்துத்தான் ஒதுங்கிப் போவுது. பலகையப் பாத்து இல்ல.

"ஒரு சின்ன திருத்தம்" அப்பிடின்னு ஒரு கொரலு. குடியிருப்போர் சங்கத் தலைவரு பத்மநாபன். பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு, யாரு என்ன சொன்னாலும் அவருக்கு ஒரு சின்ன திருத்தம் உண்டு, குட்மார்னிங் சொன்னாக்கூட மணியப் பாப்பாரு. "நடனம்னு மட்டும் போட்டா பத்தாது பிரசன்னா. பாரம்பரிய நடனம்னு போடணும். நம்ம ஊருக்கு விருது குடுக்கலாமான்னு ஞாயித்துக்கெழம பாக்க வர்றவங்க முன்னாடி இவங்கதான் மொதல்ல ஆடப்போறாங்க. பச்சச் சேல வாங்கிடலாம். மங்கை மேடம், எத்தன நிமிஷம் ஆடுவாங்க?"

எத்தன நிமிஷம். கூட்டம் மொத்தமும் இவளப் பாத்துச்சு. இப்ப என்ன சொல்றது. பத்து நிமிஷம்னு சொல்லிட்டா? நாளைக்கு ஒரு நாளு இருக்கு, கோமளாவ வச்சு ஒரு கும்மி, கும்மி யாருக்குத்தான் வராது, சுத்தி வந்து கை தட்டுனா கும்மி. பதினேழு பேரு ஒத்துக்குவாங்க. அப்பறம் வகுப்பு பொழைச்சுக்கும். அப்பறம் மாசாமாசம் கும்மி. எழுத்த ஓரங்கட்டிட்டு ஒத்திக. நெசத்தச் சொன்னா? அசையாம உக்காந்து எழுதறாங்கன்னா கணக்குப்படி ஆளே இல்ல. படிப்பு வட்டத்துக்கு ஒம்பதாச்சும் இருந்துச்சு, இவங்களுக்கு நாலுதான் வரும். ஒரு வரி, ஒரு கைதட்டு. அடுத்த செவ்வாக்கெழம அந்த எடத்துல எவனோ இரும்பத் தூக்கிக்கிட்டு நிப்பான், லைட்டு ஜெகஜோதியா எரியும். கும்மியா, பூட்டா. கும்மி, பூட்டு, கும்மி. நாக்கு அந்தக் கீர நார விடவே மாட்டேங்குது. ஒடம்பு சரியில்லன்னு எந்திரிச்சுப் போயிடலாமா? பொய்கூட இல்ல அது. வீட்டுக்குப் போயி, கதவச் சாத்தி, சாதாரணச் சுவிட்ச ஒண்ண அமுக்கி இருட்டாக்கி, யாருக்காகவும் கையத் தூக்காம, ரெண்டு நாளு. யோசிச்சுக்கிட்டே இருக்கா, அப்பத்தான் ஒண்ணு ஒறச்சுது. எவ்வளவு நேரமாச்சு? இந்தக் கூட்டமே செல மாதிரி இவ வாயப் பாத்துக்கிட்டு இருக்கு. நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஆறு தடவ இருட்டுச்சு. அஞ்சு மணிக்கு அப்பறம் ஒரு தடவகூட இருட்டல. திரும்பிப் பாக்கணும்னு அவசியமே இல்ல. பின்வாசலுக்குக் கீழ ஒரு கை மேல போயி எறங்கியிருக்கும். இன்னிக்கு வகுப்புகூட இல்ல. யாரும் கேக்கல. அந்தம்மா பாட்டுக்கு நிக்கிது, எம்பதுக்கு மேல பேருக்கு வெளிச்சம் போட்டுக்கிட்டு, தன்னப் பத்தித்தான் பேசறாங்கன்னுகூடத் தெரியாம.

மங்கை எந்திரிச்சா. முட்டி ரெண்டும் சொடுக்குனது மைக்குல கேட்டிருக்கும்.

"அது நடனம் இல்ல சார்."

"பாரம்பரிய நடனம், அதத்தான் நானும்..."

"எந்த நடனமும் இல்ல. அவங்க எழுதப் படிக்கக் கத்துக்கறாங்க. நடனம்னு தப்பாப் போட்டது நானு. ரெண்டு வருஷமா போட்டேன்."

பின்வரிசையிலேந்து கோமளா, "டான்ஸுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா பவுடராச்சும் அடிச்சிக்கினு வந்திருப்போமே மேடம்"னா. நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. மங்கைக்கு அந்தச் சிரிப்பு முதுகுல தட்டிக்குடுத்த மாதிரி இருந்துச்சு.

பிரசன்னா கோவப்படல, அவனுக்குத்தான் வராதே. தெரையப் பாத்தான், இவளப் பாத்தான். "அப்ப அறுபது நிமிஷம் எப்பிடி வந்துச்சு மேடம்? கண்ணு பொய் சொல்லாதே."

"சொல்லலப்பா. ஒரு ஆளு அசைஞ்சாங்க, அத எழுதிக்கிச்சு. இருபத்திரண்டு பேரு அசையாம உக்காந்து படிச்சாங்க, அத எழுதிக்கல. படிக்கறவங்க அப்பிடித்தான் இருப்பாங்க. ஏகவல்லிம்மா பின்னாடி நின்னு கையாட்டுவாங்க. மத்த எல்லாரும் பேரு எழுதிட்டாங்க. அவங்க இன்னும் எழுதல. அதுவும் என் தப்புதான்." சோக்கு எதுவும் வரல. வராதது நல்லாவே இருந்துச்சு.

பிரசன்னா மெதுவா, "அப்ப இதுக்கு உண்மையான நிமிஷம் நாலுதான் மேடம். நான் என்ன பண்றது? படிப்பு வட்டத்துக்கு என்ன ரூலோ அதான் இதுக்கும்"னான். சொல்லும்போதே அவனுக்கே அது புடிக்கல, பேனாவ மூடித் தெறந்து மூடுனான்.

பத்மநாபன் தொண்டையக் கனைச்சாரு. எல்லாரும் திருத்தம் வருதுன்னு காத்திருந்தாங்க, வந்துச்சு. ஆனா இந்தத் தடவ கொஞ்சம் கூச்சத்தோட வந்துச்சு. "ஒரு சின்ன திருத்தம். பேசாம ஒரு சுவிட்ச வச்சுட்டா?"

"சார், வாசல்ல கல்லே வச்சிருக்கோம் சார்."

"கல்ல எடுத்துடலாம்ப்பா. கல்லுதான?"

"கல்ல விடுங்க சார். சுவிட்சு வச்சா போட்டுட்டுப் போயிடுவாங்க. நம்ம வீடுங்கள்லயே, பி.எச்.டி. முடிச்சவங்கள்லாம் மறந்துடறாங்க, விடிய விடிய எரியுது, நான்தான் கணக்குல பாக்கறேனே. ஆறே காலுக்கு பஸ்ஸப் புடிக்க ஓடறவங்க இவங்க." பின்வரிசையப் பாத்துக் கைய நீட்டுனான், மரியாதையாத்தான் நீட்டுனான். "இவங்கள்ல யாரு சார் மறக்காம அணைக்கப்போறா?"

மங்கை திரும்பிப் பாத்தா. பின்வாசல்ல ஏகவல்லி தூக்குன கைய எறக்கி, முந்தானையில தொடச்சுக்கிட்டு, மொதத் தடவயா அந்த மண்டபத்துக்கே கேக்கற மாதிரி சொல்லுச்சு:

"ரெண்டு வருஷமா, நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா, மறக்காம போட்டவ நானு. அணைக்கறதுக்கா மறந்துடப்போறேன்?"